ஸ்டெப்னிக்கு ஓர் இடம்

எல்லா வீட்டிலும் இடம் கிடைக்காத சாமான் ஒன்று இருக்கும். கல்யாணத்துக்கு வந்த ஏழாவது சுவர்க் கடிகாரம், தாத்தாவின் கால் உடைந்த ஈஸிசேர், ஓடாத தையல் மெஷின்... தூக்கிப் போட மனசு வராது. வைக்க இடமும் இருக்காது. வீரசோழனில் என் அக்கா வீட்டில் அந்தச் சாமான் ஒரு டயர்.

வெறும் டயர் இல்லை சார். ரிம்மோடு சேர்ந்த முழுச் சக்கரம். எடை முப்பது கிலோ பக்கம்.

போன வருஷம் மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். புரோக்கர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “இஞ்சின் தங்கம்ணே, கியர் வெண்ணெய்ணே” என்று நகைக் கடையும் பால் பண்ணையும் சேர்த்து நடத்தினார். அட்வான்ஸை எண்ணிப் பையில் போட்ட பிறகு, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

“ஒரே ஒரு சின்ன விஷயம்ணே. ஸ்டெப்னி மாட்டுற கொக்கி மட்டும் துருப்பிடிச்சு விழுந்துருச்சு. டயரு இருக்கு. எங்கயாச்சும் வச்சுக்கங்க.”

அந்த ‘எங்கயாச்சும்’ எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

முதல் மாதம் அது வேப்ப மரத்தடியில் கிடந்தது. வண்டி ஊரெல்லாம் சுற்றும். ஸ்டெப்னி வீட்டில் ஓய்வெடுக்கும். அக்கா அதன் மேல் முறத்தை வைத்து வத்தல் காயப்போட்டாள். நடுக்குழியில் ஒரு கோழி நிம்மதியாக அடைகாத்தது. சாயங்காலம் அக்கா மகன் அதில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதினான். இவ்வளவு உபகாரமான சாமானை வண்டியில் ஏற்றுவதாவது!

“வீட்ல கெடக்குற ஸ்டெப்னியால என்ன பிரயோசனம் மச்சான்?” என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். நான் மதுரையில் ஒரு ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கூட்டல் கழித்தல் பார்க்கிறவன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்து, ஞாயிறு வரை எல்லாருக்கும் அட்வைஸ் வழங்கிவிட்டுத் திரும்புகிற ரகம்.

மச்சான் அட்வைஸை ஏற்று டயரை கேபினுக்கு மேலே ஏற்றினார். ஏற்றியது நாலு பேர். இறக்க வேண்டி வந்தால் அந்த நாலு பேரும் கூடவே வர வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் கவலையும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கண்மாய்க் கரை ரோட்டில் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டபோது, கயிறு தளர்ந்து டயர் தானாகவே இறங்கி வந்தது. வருகிற வழியில் பக்கவாட்டுக் கண்ணாடியையும் அழைத்துக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு 900 ரூபாய். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது, பின்னால் லோடு ஏற்றுகிற தளத்தில் போட்டோம். நட்டநடுவில் படுக்கவைத்து, மேலே வைக்கோலைப் பரப்பி, ஆட்டுக் கூண்டை மாட்டினார் மச்சான். கண்ணிலும் படவில்லை, காலிலும் இடிக்கவில்லை. பிரச்னை தீர்ந்தது என்று இருவரும் டீ குடித்தோம்.

டீ குடிக்கிற இந்த இடைவெளியில் ‘ஸ்டெப்னி’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். (நம் ஊரில் சிலர் வேறு அர்த்தத்தில் சொல்லிக் கண்ணடிப்பார்கள். அது இங்கே வேண்டாம். அக்காவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.) பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. அந்தக் காலத்து மோட்டார் காரில் உபரிச் சக்கரம் என்பதே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து, டயரைப் பிரித்து, டியூபை உருவி, ஒட்டிக் காற்றடித்து... பயணம் கிளம்பியவர் பஞ்சர் கடைக்காரர் ஆகிவிடுவார். ரோடெல்லாம் குதிரை லாடத்து ஆணி வேறு. அந்தத் தெருவில் தொழில் செய்த டேவிஸ் சகோதரர்கள் இரண்டு பேர் 1904-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதில் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தோடு அதைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். தெருப் பெயரையே சக்கரத்துக்கு வைத்து விற்றார்கள். வெள்ளைக்காரர்கள் இன்று ‘ஸ்பேர் வீல்’ என்று மாறிவிட்டார்கள். நாம் மாறவில்லை. பிரேசிலில்கூட இன்றைக்கும் ‘எஸ்டெப்பே’தான். ஆக, வேல்ஸில் இருக்கிற ஒரு தெருவின் பெயர் வீரசோழன் பஞ்சர் கடையில் தினமும் நாலு தடவை அடிபடுகிறது.

டேவிஸ் சகோதரர்கள் சக்கரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதை எங்கே மாட்டுவது என்பதை மச்சானிடம் விட்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு வந்தபோது பையில் ஒரு கவர் இருந்தது. பதவி உயர்வு. கூடவே சென்னைக்கு மாற்றல். சம்மதமா, இல்லையா என்று பத்து நாளில் சொல்ல வேண்டும். ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தை உடைக்கலாம் என்று கெத்தாக வந்தால், வீட்டில் கேட்க ஆளில்லை. பக்ரீத் நெருங்குகிற சமயம். மறுநாள் சனிக்கிழமை, எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. எங்கள் ஊரிலும் வாரச்சந்தை உண்டுதான். ஆனால் எட்டயபுரத்துக்கு வெளியூர் வியாபாரிகள் நிறைய வருவார்கள், விலை நிற்கும். விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். மச்சான் வண்டியில் 22 ஆடுகள் ஏறிக்கொண்டிருந்தன.

இதில் 21 ஒரு வியாபாரியுடையது. அவர் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார். மீதி ஒன்று, அடுத்த தெரு அப்பத்தாவின் செவலைக் கிடா. கழுத்தில் சிவப்புத் துணி. அப்பத்தா அதன் காதில் என்னமோ சொல்லிவிட்டு மச்சானிடம் திரும்பினாள்.

“ஏப்பா, பன்னெண்டுக்குக் கொறைச்சு குடுத்துறாத. திங்கக்கெழம பேத்திக்கு காலேஜு பீஸு கட்டணும்.”

பன்னிரண்டு என்றால் 12,000. பேத்தியை எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பெண். அந்தக் கிடாவைக் குட்டியிலிருந்து வளர்த்தது அவள்தான். வழியனுப்ப வரவில்லை.

“கூட வர்ற பையன் வரல மாப்ள. சும்மா பேச்சுத் துணைக்கு வா” என்றார் மச்சான். லுங்கி, ஹவாய் செருப்போடு ஏறி உட்கார்ந்தேன்.

நரிக்குடி தாண்டி, திருச்சுழியை நோக்கிப் போகிறோம். ராத்திரி ஒன்றரை மணி. எதிரில் ஒரு ஈ காக்கா இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நான் கவர் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறேன். ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். நான் இல்லை, பின் சக்கரம்.

இறங்கி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தால், வழவழவென்று தேய்ந்த டயரில் குண்டூசியின் பெரியப்பா மாதிரி ஒரு கருவேல முள்.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். விறகாகும், கரியாகும், எங்கள் வறண்ட காட்டில் எத்தனையோ வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது. கண்மாயையும் காட்டையும் விழுங்கியதும் அதுதான். அதை அகற்றச் சொல்லி 2017-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. மரம் அந்த உத்தரவைப் படித்ததாகத் தெரியவில்லை. வெட்டிய இடத்திலிருந்தே தளிர்க்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆடு அதன் நெற்றை விரும்பித் தின்னும். கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். முளைத்தது முள் விடும். முள் டயரைக் குத்தும். அந்த டயர்தான் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகும். அதாவது, எங்களைப் பஞ்சராக்கியது யாரோ இல்லை. வண்டிக்குள் அசைபோட்டுக்கொண்டு நின்றவர்களின் தாத்தா பாட்டிகள்!

“ஸ்டெப்னிய எடு மாப்ள” என்றார் மச்சான்.

சொன்ன பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்டெப்னி இருக்கிறது. அதன் மேல் வைக்கோல் இருக்கிறது. வைக்கோல் மேல் 22 ஆடுகள் இருக்கின்றன.

‘நான் யார்?’ என்று கேட்கச் சொன்ன ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி. அந்த ஊருக்குப் போகிற ரோட்டில் நடுராத்திரியில் நின்று நான் கேட்டுக்கொண்ட கேள்வி: ‘நான் ஏன் வந்தேன்?’

கதவைப் பாதி திறந்து கையை விட்டுப் பார்த்தோம். எட்டவில்லை. நடுவில் அல்லவா வைத்திருக்கிறோம், பத்திரமாக! சரி, ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டலாம் என்றார் மச்சான். ஆறு ஆட்டோடு கயிறு தீர்ந்தது. ஏழாவதை என் லுங்கியில் கட்டலாமா என்று யோசிக்கிறபோது, எங்கிருந்தோ ஒரு லாரி ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். மிச்சம் 16-ம் என் தலைக்கு மேல், தோளுக்குப் பக்கம், காலுக்கு நடுவில் என்று கிடைத்த வழியில் குதித்து இறங்கிவிட்டன.

ஆபீசில் எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன் நான். அன்றைக்கு ஒரு ஆடு என்னை மதிக்கவில்லை. மச்சான் ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கொடுத்தார், பாதி வந்துவிட்டன. நானும் அதே சத்தத்தைக் கொடுத்தேன்; வந்ததில் இரண்டு திரும்பிப் போய்விட்டன.

ஒரு வழியாகப் பிடித்து ஏற்றி எண்ணினால் 21. மறுபடி எண்ணினோம். 21. சிவப்புத் துணியைத் தேடினோம். இல்லை.

இதற்கு நடுவில் ஸ்டெப்னியை மாட்டினோம். அதில் காற்று பாதிதான் இருந்தது. ஐந்து மாதமாக அதை எங்கே வைப்பது என்று பேசினோமே தவிர, உள்ளே காற்று இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை.

மச்சான் மணியைப் பார்த்தார். மூன்று. “மாப்ள, 21 ஆட்டுக்காரன் அங்க காத்துக்கெடப்பான். நான் மெதுவா உருட்டிப் போயிர்றேன். நீ நின்னு செவலையத் தேடு.”

வண்டியின் சிவப்பு விளக்கு மறைந்தது. நான், முள்ளுக்காடு, மொபைலில் 14 சதவீதம் சார்ஜ்.

ஆட்டை எப்படிக் கூப்பிடுவது சார்? “செவலை... செவலை...” என்று பார்த்தேன். “ம்மே” என்றும் சொல்லிப் பார்த்தேன். பதவி உயர்வு வந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஒரு முள் செருப்பைத் தாண்டி உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் போயிற்று. சிரிப்பாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். அப்புறம் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. ஒரு பெண்ணின் காலேஜ் இந்த இருட்டில் எங்கேயோ நாலு காலில் நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

காலை எட்டு மணிக்கு, கரி மூட்டம் போடுகிற ஒரு பெரியவர் எதிரில் வந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சிவப்புத் துணி.

“இந்த நொண்டிச் செவல ஒங்களுதா தம்பி? வேலிக் கம்பியில காலக் குடுத்துட்டு நின்னுச்சு.”

நொண்டி! அதுதான் விஷயம். நொண்டுகிற ஆடு குர்பானிக்கு ஆகாது. பக்ரீத் விலை போயிற்று. சந்தையும் முடிந்துவிட்டது. ஊரில் கறிக்கடைக்கு 8,500-க்குத்தான் கொடுக்க முடிந்தது. மச்சான் அதோடு 3,500 சேர்த்து, 12,000 என்று எண்ணி அப்பத்தா கையில் கொடுத்தார். “நல்ல வெலதான் குடுத்துருக்க” என்று அப்பத்தா வாழ்த்தினாள். அந்த 3,500 வண்டித் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணம் என்பது அக்காவுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பில் கொஞ்சம் காரம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை டீக்கடையில் கமிட்டி கூடியது. பொருள்: ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது? நம் ஊரில் ஆளுக்கொரு வேலை இல்லாமல் இருக்கலாம். ஆளுக்கொரு ஐடியா இல்லாமல் இருக்காது.

“கம்பெனிக்காரன் வச்ச எடத்துலயே வையி. பின்னால, அடியில” என்றார் ஒரு பெரியவர். வேறு கொக்கி வாங்கி மாட்டினால் லோடு இடம் ஒரு அங்குலம்கூடப் போகாது. அது நிஜம். ஆனால் லோடு வண்டியில் பின் சக்கரம் இறங்கினால் பின்பக்கமே தரையோடு உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சந்தில் மல்லாக்கப் படுத்து, சேறு பிடித்த சங்கிலியோடு மல்லுக்கட்ட வேண்டும். கண்மாய்க் கரைக் கல்லெல்லாம் வேறு அதைத்தான் முதலில் விசாரிக்கும். “அடியில தொங்கினா அது ஒனக்கு டயரு. சங்கிலிய அறுக்குறவனுக்கு லாட்டரி” என்று இன்னொருவர் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்.

“முன்னாடி மாட்டுங்கண்ணே, கெத்தா இருக்கும்” என்றான் கல்லூரித் தம்பி ஒருவன். பழைய லேண்ட் ரோவர்களில் பானெட் மேலேயே ஸ்டெப்னி இருக்கும். அதற்கு அப்படிக் கட்டிய பானெட். எங்கள் வண்டியில் முன்னால் மாட்டினால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைக்கும். சித்திரை வெயிலில் இஞ்சின் கொதிக்கும். நம்பர் பிளேட்டும் மறையும். முன்னால் இரும்புக் கம்பி கட்டிக்கொண்டு திரிகிற வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாயிற்று. அதற்கு மேல் டயரையும் மாட்டினால் செக்போஸ்ட்டில் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

இந்த இடத்தில் என் பங்குக்கு அறிவைக் காட்டினேன். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதற்கு ஸ்டெப்னியில் இருக்கிற காற்றைத்தான் குழாய் போட்டு எடுப்பார்கள் என்றேன். கமிட்டி ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தது. “அப்ப மழக்காலத்துல பஞ்சரானா?” என்று ஒருவர் கேட்டார். நான் டீயைக் குடித்தேன்.

“பின் கதவுல?” கதவைத் தினம் இருபது தடவை திறந்து மூட வேண்டும். கூடவே முப்பது கிலோ தொங்கினால் கீல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

“லாரி மாதிரி பக்கவாட்டுல, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல?” இது நல்ல ஐடியாவாகப் பட்டது. போய்ப் படுத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் டீசல் டேங்க். மறுபக்கம் சைலன்சர் சூடு. எங்கள் சக்கரத்தின் குறுக்களவு முக்கால் மீட்டர். அங்கே அதைச் செங்குத்தாக நிறுத்தினால் அடிப்பாகம் தரையைத் தொட்டுவிடும். லாரியின் உயரம் லாரிக்குத்தான்.

“இப்பல்லாம் புதுக் கார்ல ஸ்டெப்னியே இல்லண்ணே” என்றான் மறுபடி அந்தத் தம்பி. தப்பில்லை. 2020-ல் வந்த விதிப்படி, காற்றுக் குறைந்தால் எச்சரிக்கிற கருவியும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் இருந்தால் சின்னப் பயணிகள் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. டியூப் இல்லாத டயர் என்பதால் அங்கேயே அடைத்துக்கொள்ளலாம். எங்களுடையது டியூப் போட்ட டயர், சரக்கு வண்டி, கருவேலங்காடு. எங்களை எச்சரிக்க கருவி வேண்டாம். ‘புஸ்ஸ்’ என்று தெளிவாகவே கேட்கிறது.

கமிட்டி அடுத்த டீயோடு கலைந்தது. தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. நானும் மச்சானும் வெல்டிங் பட்டறை பாயிடம் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டார். டேப்பை எடுத்து ஒன்றையும் அளக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, ராத்திரி. மழை. வண்டி நெறைய லோடு. டயரு போச்சு. நீங்க ஒத்த ஆளு. அப்ப கையை எங்க நீட்டுவீங்க?”

மச்சான் யோசித்தார். ரோட்டின் இடது ஓரத்தில் நிற்பதுபோல் நின்றார். கை தானாக நீண்டது. கேபினுக்கு அடுத்து, லோடு தளத்தின் இடது முன் மூலை.

“அங்கதான் அதுக்கு எடம்” என்றார் பாய். “இம்புட்டு நாளா டயரு எங்க தொந்தரவு பண்ணாதுன்னு பாத்திருக்கீங்க. ஆபத்துல எங்க கைக்குக் கெடைக்கும்னு பாக்கல.”

அவர் செய்தது இதுதான். கேபின் முதுகோடு ஒட்டி, இடது மூலையில் டயரைச் செங்குத்தாக நிறுத்தினார். எடை முழுக்கத் தளத்தின் மேல். கம்பி வெறும் பிடிமானத்துக்கு மட்டும். ரிம்மின் நடு ஓட்டையில் ஒரு நீள போல்ட், அதற்கு ஒரு தகடு, நட்டு, பூட்டு. ஆட்டுக் கூண்டை அந்த அளவுக்குப் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. இடது பக்கப் பலகையை இறக்கினால் டயர் நேராக உருண்டு கைக்கு வரும். ஆடு தன் பாட்டுக்குக் கூண்டில் நிற்கும். நாமும் ரோட்டின் ஓரத்துப் பக்கம். பின்னால் வருகிற லாரி நம்மை உரசாது. பக்கத்திலேயே ஜாக்கிக்கும் வீல் ஸ்பேனருக்கும் ஒரு சின்னப் பெட்டி.

எல்லாம் சரி. மச்சான் முகம் மட்டும் தெளியவில்லை.

“பாய்... ரெண்டு ஆட்டு எடம் போயிருமே?”

“போகும்.”

“ஒவ்வொரு நடைக்கும் போகும் பாய்.”

“ஒவ்வொரு நடைக்கும் போகும்” என்றார் பாய், அமைதியாக. “போன வெள்ளிக்கெழம எத்தன ஆட்டுக் கூலி போச்சு?”

மச்சான் வெல்டிங் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மொத்தச் செலவு 1,400 ரூபாய்.

கிளம்பும்போது பாய் டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துக் காட்டினார். கடைசி நாலு எண் அதன் பிறந்த நாள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் ஸ்டெப்னி அக்கா மகனைவிட மூத்தது! “ஒக்காந்தே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் தம்பி” என்றார். இரண்டு மாதத்தில் அதையும் மாற்றினோம். காற்றை மாதம் ஒரு தடவை பார்க்கிறோம். லோடோடு ஓடுகிற பின் சக்கரத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. கூடுதலாக இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். நடுக்காட்டில் ஊதி ஏற்ற முடியாது.

அன்று ராத்திரிதான் கவரை எடுத்துக் கொடுத்தேன். அக்கா படித்தாள். “நல்ல விஷயந்தானடா, போ” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் முடியாது. மாதம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான்தான். மச்சான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

“பாய் இப்பத்தான் ஒரு ஸ்டெப்னிக்கு எடம் புடிச்சுக் குடுத்தாரு. இன்னொண்ண மெட்ராஸ்ல கொண்டுபோயி மாட்டப் போறாங்க.”

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கம்மியாகச் சிரித்தேன்.

போகவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். நான் எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் முழங்காலுக்கு ஆபரேஷன் முடிகிற வரை ஒரு வருஷம் மதுரையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு எனக்கு அடுத்த ஆளுக்குப் போயிற்று. மாதா மாதம் சம்பள நாளில் அந்த வித்தியாசம் உறுத்தத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்?

போன மாதம் ராத்திரி ரெண்டு மணிக்கு மச்சானிடமிருந்து போன். பதறி எடுத்தேன்.

“மாப்ள, பந்தல்குடி தாண்டி டயரு போச்சு. இருவது ஆடு. நான் ஒத்த ஆளு. கால் மணி நேரத்துல மாத்திட்டேன். ஒரு ஆடுகூட எந்திரிக்கல!”

“சரி மச்சான், அதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

“சும்மாத்தான். நீ எடுக்குறியான்னு பாத்தேன்.”

மறுநாள் ஆபீசில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். “ஏன் சார், கைக்கு வந்த பிரமோஷனை யாராவது விடுவாங்களா?”

“ரெண்டு ஆட்டு எடம் சார்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.